வெற்றிடத்தை நிரப்புவது யார்?

(மிசிசாகாவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய இளையோரிடையே ஒரு வாசிப்புப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. இணையத்தில் வாரந்தோறும் சில பக்கங்களாக வெளிவரும் படக்கதைகளை அவர்கள் கைப்பேசியில் தொடர்ந்து படிக்கின்றனர். அவற்றுள் ஆவி, தெய்வம், மறுபிறப்பு முதலிய அமானுடப் பொருள் கொண்ட கதைகளுக்கு வரவேற்பு மிகுதி. ஒரு பகுதி முடிந்ததும் வாசகர்கள் ஓய்ந்திருப்பதில்லை. கதவருகே நின்ற நிழலுருவம் யார்? அந்த முதியவள் மனிதப் பிறவிதானா? இறந்தவன் திரும்பி வருவானா? அடுத்த பகுதி வரும்வரை இத்தகைய ஊகங்கள் நூற்றுக்கணக்கில் எழுகின்றன.

பெற்றோர் சிலர் இதனை வீண்பொழுது என்று கருதுகின்றனர். ஆனால் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வாரக்கணக்கில் வாதிட்டவர்களே. அந்த வாதம் எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் ஓயவில்லை. ஆகவே ஊகிப்பது குற்றமன்று. எதைக் கொண்டு ஊகிக்கிறோம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

கணினித் துறையில் பணியாற்றுவோர் நன்கறிந்த ஒரு நடைமுறை உண்டு. ஒரு படிவத்தில் ஏதேனும் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் விடப்பட்டால், மென்பொருள் அந்த இடத்தில் தனக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட இயல்புநிலை மதிப்பை இட்டுக்கொள்ளும். மனித மனமும் இவ்வாறே இயங்குகிறது. கதையில் ஓரிடம் வெற்றிடமாக இருந்தால், வாசகர் தாம் வளர்ந்த வீட்டிலும் ஊரிலும் கேட்டறிந்தவற்றைக் கொண்டு அதனை நிரப்புகிறார்.

கொரிய நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஜூ ஹோ-மின் என்ற ஓவியர் 2010-ஆம் ஆண்டு முதல் நேவர் தளத்தில் ஒரு படக்கதையை வெளியிட்டார். 'கடவுளருடன்' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். இறந்த மனிதன் ஒருவன் மறுவுலகில் 49 நாட்களுக்குள் ஏழு விசாரணைகளைச் சந்திக்க வேண்டும் என்பது கதை. 2017-இலும் 2018-இலும் அது இரு திரைப்படங்களாக வந்து, தென்கொரியாவில் ஒவ்வொன்றையும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் கண்டனர். அக்கதையில் மறுவுலக அரசர்களுள் ஒருவரின் பெயர் யோம்ரா.

சாத்தானையும் நரக நெருப்பையும் மட்டுமே கேட்டு வளர்ந்த அமெரிக்க வாசகர், பாதாளத்தில் அமர்ந்திருக்கும் ஓர் அரசனைக் கண்டவுடன் அவனைத் தீமையின் தலைவன் என்று ஊகித்துக்கொள்வது எளிது. ஆனால் யோம்ரா தீயவர் அல்லர், அவர் நீதிபதி. இந்தியாவின் யமன் பௌத்தத்தின் வழியே சீனம் சென்று யான்லுவோ ஆனான். கொரியாவில் யோம்ரா ஆனான். யப்பானில் எம்மா ஆனான். எருமை மீது வரும் யமதர்மனையும், கணக்கேடு பிடிக்கும் சித்திரகுப்தனையும் பாட்டி வாயிலாகக் கேட்டறிந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, அந்தக் கொரிய அரசனை முதல் பக்கத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும். பாட்டியிடம் கேளாத பிள்ளையோ அமெரிக்கப் பிள்ளையின் ஊகத்தையே தன் ஊகமாக ஏற்றுக்கொள்ளும்.

அமெரிக்கர் பிற பண்பாடுகளைப் பார்க்கும் முறைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இங்குள்ள பெற்றோர் பலர் சிறுவயதில் விரும்பிப் படித்த ஒரு நாயகனையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் மாயாவி என்றும் வேதாளர் என்றும் அறியப்பட்ட அந்த முகமூடி வீரரை லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936 பெப்ரவரியில் நாளிதழ்ப் படக்கதையாகத் தொடங்கினார். நாயகன் வாழும் நாட்டின் பெயர் பெங்காலா. அவன் முன்னோரைத் தாக்கிய கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயர் சிங். 1964-இல் இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் இக்கதைகளை வெளியிடத் தொடங்கியபோது, பெங்காலா என்பது டெங்காலி ஆகவும், சிங் என்பது சிங்கா ஆகவும் மாற்றப்பட்டன. வங்காளத்தையும் சீக்கியரையும் நினைவூட்டும் பெயர்கள் இந்திய வாசகர்களிடம் செல்லா என்பதைப் பதிப்பாளர் உணர்ந்திருந்தனர்.

அக்கதையின் அடிப்படையையும் சற்று எண்ணிப் பாருங்கள். காட்டு மக்கள் அவனை நானூறு ஆண்டுகளாக வாழும் இறவாத ஆவி என்று நம்புகின்றனர். உண்மையிலோ அவன் தந்தைக்குப் பின் மகன் என முகமூடி அணிந்துவரும் ஒரு வெள்ளையர் குடும்பத்தின் 21-ஆவது தலைமுறையினன். இந்த இரகசியம் வாசகருக்குத் தெரியும். அந்நாட்டு மக்களுக்குத் தெரியாது. அதாவது, அமானுடத்தை நம்புவோர் அவர்கள். அதன் சூட்சுமத்தை அறிந்தவர் வெள்ளையர். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அக்கதையைப் படித்த சிறுவர்கள், தங்களைக் காட்டு மக்களின் பக்கம் வைத்துப் பார்க்கவில்லை. முகமூடிக்காரனின் பக்கமே நின்றனர். ஒரு கதையின் ஆற்றல் அத்தகையது.

1984-இல் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாம் படம் காளியை நரபலி கேட்கும் கொடுந்தெய்வமாகவும், இந்திய அரண்மனை விருந்தைக் குரங்கு மூளை பரிமாறும் இடமாகவும் காட்டியது. இந்திய அரசு கதையில் மாற்றங்களைக் கோரியதால் படப்பிடிப்பு இலங்கையின் கண்டிக்கு மாறியது. ஊர்தோறும் பத்திரகாளி அம்மன் கோயிலில் பொங்கல் வைத்து வணங்குவோரை அப்படத்தை எடுத்தவர்கள் கலந்துபேசியதாகத் தெரியவில்லை. அவர்கள் பார்வையில் அது நிரப்பப்படாத கட்டமாக இருந்தது. தம்மிடம் இருந்ததை இட்டு நிரப்பினர்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோருக்கு, ரொறன்ரோ நகரின் அண்மைக்கால நிகழ்வொன்று விடை கூறும்.

2022 மார்ச் மாதம் பிக்சார் நிறுவனத்தின் 'டர்னிங் ரெட்' என்ற அனிமேசன் படம் வெளிவந்தது. அதனை இயக்கிய டோமீ ஷி சீனாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கனடா வந்து, ரொறன்ரோவில் வளர்ந்து, மிசிசாகாவை அடுத்துள்ள ஓக்வில் நகரின் ஷெரிடன் கல்லூரியில் பயின்றவர். 2002-ஆம் ஆண்டு ரொறன்ரோவில் வாழும் 13 வயதுச் சீனச் சிறுமி மெய், உணர்ச்சி மேலிடும்போதெல்லாம் பெரிய செந்நிறப் பாண்டாவாக உருமாறுகிறாள். அவளுடைய தோழியருள் ஒருத்தியான பிரியாவுக்குக் குரல் கொடுத்தவர் மைத்ரேயி இராமகிருஷ்ணன். இலங்கைப் போரினால் அகதிகளாக வந்த தமிழ்க் குடும்பத்தில், இதே மிசிசாகாவில் 2001-இல் பிறந்தவர் அவர். 2019-இல் ஏறத்தாழ 15,000 விண்ணப்பதாரர்களிலிருந்து தெரிவுசெய்யப்பட்டு, 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரில் கலிபோர்னியத் தமிழ்ப் பெண்ணாக நடித்துப் புகழ்பெற்றவரும் அவரே.

படம் வெளிவரும் வேளையில் சினிமாபிளெண்ட் என்ற அமெரிக்கத் தளத்தில் ஒரு விமர்சனம் வந்தது. படம் ரொறன்ரோவின் ஆசியச் சமூகத்தில் ஆழ வேரூன்றியிருப்பதால், அது இயக்குநரின் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் எடுக்கப்பட்டதுபோல் இருக்கிறது என்றும், அதனால் அதன் வீச்சு குறுகிவிட்டது என்றும் விமர்சகர் கருதினார். எதிர்ப்பு எழுந்தது. விமர்சனம் நீக்கப்பட்டது, தளத்தின் ஆசிரியரும் விமர்சகரும் மன்னிப்புக் கோரினர்.

பேசும் பொம்மைகளும், சமைக்கத் தெரிந்த எலியும், கடலடி மீன்களும் உலகப் பொதுவானவை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன. சீனத் தாயும் மகளும் மட்டும் ஒரு குறுகிய வட்டத்தின் கதை எனப்பட்டனர். அந்த விமர்சகர் தீய எண்ணத்துடன் எழுதினார் என்று கூற இயலாது. தமது வாழ்க்கையே பொதுவானது, பிறருடையது தனிப்பட்டது என்ற இயல்புநிலை மதிப்பே அவருடைய கையைப் பிடித்து எழுதியது. ரொறன்ரோ நகருக்கும் இந்த அனுபவம் புதிதன்று. 2002-இல் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருது பெற்ற 'சிகாகோ' படமாக்கப்பட்டது ரொறன்ரோவில். அமெரிக்க நகரங்களாகப் பல்லாண்டு வேடமிட்ட நகரம், தன் சொந்தப் பெயரில் திரையில் தோன்றியபோது அது குறுகிய வீச்சு எனப்பட்டது.

அந்தப் பாண்டா எங்கிருந்து வந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். மெய்யின் மூதாதையான சுன் யீ என்ற பெண், ஆடவர் போருக்குச் சென்றிருந்த காலத்தில், தன் பெண்மக்களைக் காக்க ஆற்றல் வேண்டித் தெய்வங்களை இறைஞ்சினாள். அவளுக்கு வரமாகக் கிடைத்ததே அந்த உருவம். குடும்பம் புதிய நாட்டில் குடியேறிய பின்னர்தான் வரம் சுமையாக மாறியது. மறைக்க வேண்டிய ஒன்றாயிற்று. பல பார்வையாளர்கள் இதனைப் பூப்பெய்தும் பருவத்தின் குறியீடு என்ற அளவில் புரிந்துகொண்டனர். அதுவும் சரியே. ஆயினும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் அதில் இன்னொன்றையும் கண்டனர். முன்னோர் உயிர்காக்கப் பெற்ற ஒன்றைப் பேரப்பிள்ளைகள் வெட்கத்துடன் ஒளித்துவைக்கின்றனர்.

தமிழரிடமும் இத்தகைய வேண்டுதல் ஒன்று உண்டு. காரைக்கால் அம்மையார் தம் அழகையும் இளமையையும் உதறிவிட்டு, சிவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்றார். திருவாலங்காட்டில் இறைவன் ஆடப் பாடிக்கொண்டிருப்பவர் என்று போற்றப்படுகிறார். அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவர் அவர். எலும்பும் தோலுமாக அமர்ந்து தாளமிசைக்கும் அவருடைய சோழர்கால வெண்கலச் சிலை நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கன்சாஸ் நகர அருங்காட்சியகம் ஒன்றிலும் அவருடைய சிலை உண்டு. கதையறியாத அமெரிக்கர் அச்சிலையைக் கண்டால் சூனியக்காரி என்று ஊகிக்கலாம். பஞ்சத்தில் வாடியவள் என்று ஊகிக்கலாம். அவர்மீது குறையில்லை.

மிசிசாகாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை அச்சிலையின் முன் நின்றால் என்ன ஊகிக்கும்? இக்கேள்விக்கான விடை பெற்றோரிடம் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு நேர்மையும் தேவைப்படுகிறது. இயல்புநிலை மதிப்பு அமெரிக்கரிடம் மட்டும் இல்லை. தமிழ் வீடுகளில் கறுப்பினத்தவரைப் பற்றியும், சீனரைப் பற்றியும், ஒருவர் மற்றவரது மதத்தையும் சாதியையும் பற்றியும் கதவடைத்துப் பேசப்படும் சொற்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். மெய்யின் வீட்டுக் கோயிலைக் கண்டு சிரிக்கும் தமிழர், காளி கோயிலைக் கண்டு அஞ்சும் அமெரிக்கரைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுகிறார்.

இறுதியாக, எல்லாவற்றிலும் முதன்மையான ஒன்று. பிள்ளைகள் படக்கதைகளை மட்டும் ஊகித்துப் படிக்கவில்லை. தம் பெற்றோரையும் அவ்வாறே படித்துக்கொண்டிருக்கின்றனர். சுவரில் மாலையிட்டுத் தொங்கும் படத்தில் இருப்பவர் யார்? குறிப்பிட்ட ஒரு நாளில் அம்மா ஏன் உண்பதில்லை? வானில் உலங்குவானூர்தியின் ஒலி கேட்டால் அப்பா ஏன் பேச்சை நிறுத்துகிறார்? விடை கிடைக்காத பிள்ளை ஊகிக்கிறது. தன்மீது கோபம் என்று ஊகிக்கிறது. மறைக்க வேண்டிய குற்றம் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கிறது. அல்லது செய்தியிலும் திரையிலும் பிறர் கூறியதை எடுத்து அந்த வெற்றிடத்தில் வைத்துக்கொள்கிறது. போரையும் இழப்பையும் பிள்ளைகளிடம் மறைப்பது அன்பினாலேயே நிகழ்கிறது. சிறு வயதில் எல்லாவற்றையும் கூறவும் இயலாது. எனினும், அந்தப் படத்தில் இருப்பவரின் பெயர் என்ன, அவர் எந்த ஊரவர், எதற்குச் சிரிப்பார் என்பனவற்றைக் கூறலாம். எஞ்சியதை வளர்ந்தபின் கேட்கும் துணிவு பிள்ளைக்கு அதனால் பிறக்கும்.

இளையோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஊகிக்கும் ஆற்றலை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஒரு படக்கதையில் அறியாத தெய்வமோ ஆவியோ தோன்றினால், அந்தப் பண்பாட்டைச் சேர்ந்த வகுப்புத் தோழரிடம் முதலில் கேளுங்கள். வீட்டில் இருக்கும் அம்மம்மாவிடம், தாத்தாவிடம், ஊரில் எந்த மரத்தடியில் எந்தத் தெய்வம் இருந்தது என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள், வரையுங்கள். டோமீ ஷி வரைந்தது தன் தாயின் வீட்டையும் தன் நகரத்தையுமே. அதற்குமுன் தாய் பிள்ளையைப் பிசைந்த மாவுருண்டையாகக் கண்டு வளர்த்த கதையைக் குறும்படமாக்கி 2019-இல் ஒஸ்கார் பெற்றவரும் அவரே. அக்குறும்படத்தின் முடிவு புரியவில்லை என்று மேற்கத்தியப் பார்வையாளர் பலர் கூறினர். ஆசியக் குடும்பங்களில் பலர் கண்கலங்கினர். புரியாதவர்களுக்காக அவர் கதையை மாற்றவில்லை.

இன்று இரவு வீடு திரும்பும்போது வாகனத்தில் இருபது நிமிடமேனும் கிடைக்கும். கைப்பேசியைச் சற்று ஒதுக்கிவைத்து, பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும். பெற்றோர் ஒரு கதை சொல்லட்டும்.