வறண்ட வாயும் வைத்தியர் கண்ட உண்மையும்
(திண்டுக்கல்லில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழ் கற்பிக்குந் தொழிலேம், வைத்தியநூல் கற்றேமல்லேம். எனினும் ஒரு சொல்லே எம்மை இப்பொருளிற் செலுத்திற்று. உமிழ்தற்குரிய நீர் என்று பெயரிட்டு, உமிழ்நீரை இழிந்ததாகவே எண்ணிப் பழகினோம். உண்மையோ வேறு. நாடோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் அந்நீரில் உமிழ்வது சிறிது, விழுங்குவதே பெரிது. காதின் முன்னும், தாடையின் கீழும், நாவின் கீழுமாக மூவிணைச் சுரப்பிகளும், உதட்டின் உட்புறத்தே எண்ணிறந்த சிறு சுரப்பிகளும் அதனை ஈகின்றன. அது வற்றினால் சோறு இறங்காது; சுவை தோன்றாது; பற்கள் ஒவ்வொன்றாய்ச் சொத்தையாகும்.

ஸ்வீடன் தேசத்துக் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோகிரென் என்பார், கண்ணும் வாயும் ஒருங்கே வறண்ட பத்தொன்பது பெண்டிரை ஆராய்ந்து 1933-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவருட் பதின்மூவர் மூட்டுவாதமும் உடையர். கண்ணோய் வேறு, வாய்நோய் வேறு, மூட்டுநோய் வேறு என்று பிரித்துக் கொள்ளாமல், யாவும் ஒரே நோயின் கிளைகள் என்று கண்டதே அவர் பெருமை. ஆயின் தேர்வாளர் அந்நூலுக்கு உயர்ந்த தரம் அளித்திலர். அதனால் கல்லூரிப் பதவியும் அவர்க்குக் கிட்டிற்றிலது. 1943-இல் ஆஸ்திரேலிய வைத்தியர் புரூஸ் ஹாமில்டன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னரே உலகம் அறிந்தது. பேராசிரியர் என்ற பட்டத்தை அவர் அரசு வழங்கியது 1961-இல். புலவர் உலகிலும் இஃது புதிதன்று!

நோயின் காரணம் யாது? நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் அயற்கிருமிகளை எதிர்க்கும் காவலர். அவை மயங்கிச் சுரப்பிகளையே பகையென்று கொண்டு சூழ்ந்து அழிக்கின்றன. பூட்டுக்குப் பேர்போன நம்மூரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. காவலனே உள்ளிருந்து சூறையாடினால் பூட்டு என் செய்யும்? அம்மயக்கம் ஏன் விளைகின்றது என்பது முற்றும் தெளிவாகவில்லை. நோயாளர் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்டிர் என்பது மட்டும் உறுதி.

நம் நாட்டுச் செய்தியைக் கேண்மின். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் தேபாசிஷ் தண்டாவும் அவர்தம் குழுவினரும் 332 நோயாளரை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். வாயும் கண்ணும் வறள்கின்றன என்று தாமே முன்வந்து கூறினோர் அவருட் பத்தில் ஒருவர்கூட இலர்! ஏனையோரிற் பலர் வைத்தியர் வினவிய பின்னரே கூறினர். எம்மை உறுத்தியது இச்செய்தியே. நம் சமவெளியில் வெயிலின்மேற் பழிபோட்டு, உடற்சூடு என்று ஒதுக்கி, வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொண்டு தாய்மார் காலங்கழிப்பர். பல் விழுந்தால் முதுமை. மூட்டு நொந்தால் வேலைக்களைப்பு. நீரிழிவாலும் சில மருந்துகளாலும் வாய் வறளுமாகையால் எல்லா வறட்சியும் இந்நோயன்று. ஆயினும் சோதியாது தெளிதல் இயலாது.

சோதனையும் கடியதன்று. கீழிமையில் ஒரு சிறு தாளைச் செருகி, ஐந்து நிமிடத்தில் ஐந்து மில்லிமீட்டரேனும் நனைகின்றதா என்று நோக்குவர். குருதியில் ‘ரோ’ என்னும் பொருட்கு எதிரான புரதம் உளதா என்று காண்பர். வேண்டுமாயின் உதட்டின் உட்புறத்தே சிறு துண்டு எடுத்து ஆராய்வர். அப்புரதம் உடைய தாய் கருவுற்றால் நூற்றில் ஓரிரு குழவிகட்கு இதயத்துடிப்புத் தடைப்படுவதுண்டு. ஆகலின் மணமான பெண்களின் திறத்தில் நாணங்கருதி மறைத்தல் கூடாது. காதின் முன்னுள்ள வீக்கம் பல மாதமாகக் குறையாது கடினப்பட்டால் நிணநீர்ப் புற்று எழுதலும் கூடும். அதனை உடனே காட்டுதல் வேண்டும்.

நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. எனினும் உமிழ்நீரைப் பெருக்கும் பைலோகார்ப்பின் மாத்திரையும், கண்ணுக்கு இடும் துளிகளும், பற்களைக் காக்கும் ஃபுளோரைடும் உள. மூட்டுக்கும் பிறவற்றிற்கும் வேறு மருந்துகள் உள. வீட்டிலுள்ள தாயாரையும் தமக்கையாரையும் இன்றிரவே வினவுங்கள்: பொரிவிளங்காயோ முறுக்கோ தின்னும்போது நீரின்றி விழுங்க முடிகின்றதா? மூன்று மாதத்திற்கு மேலாக நாடோறும் கண்ணில் மணல் உறுத்துகின்றதா? ஆம் எனின், மூட்டுவாத வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாயும் கண்ணும் வறள்வதை அவரிடம் முதற்கண் சொல்லுங்கள்.