ராஜசோரஸுக்கு என்ன நிறம்?

அலிபிரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். திருமலைக்கு ஏறும் படிகள் அங்கேதான் தொடங்குகின்றன. சென்ற கோடையில் தில்லியிலிருந்து போன நானோ, மூன்று நாள் ஒரு மேஜையின்மேல் குனிந்தபடியே இருந்தேன்.

என் தமக்கையின் வீடு அந்த அடிவாரத்தில் இருக்கிறது. அவள் மகனுக்கு இருபத்திரண்டு வயது. கணிப்பொறியில் சிற்பம் செதுக்குகிறான். அலிபிரிச் சாலையிலுள்ள மண்டல அறிவியல் மையத்துக்குச் சிறு வயதில் ஓயாமல் போய்வந்ததன் விளைவு இது என்பது தமக்கையின் குற்றச்சாட்டு. திரையில் களிமண் உருண்டை போல ஒன்று தோன்றுகிறது. கையிலுள்ள எழுதுகோலால் பலகையில் அழுத்தினால் உருண்டை குழிகிறது; இழுத்தால் புடைக்கிறது. பிளெண்டர் என்னும் மென்பொருள் இதற்கு இலவசமாகவே கிடைக்கிறதாம். பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்றுக்காக அவன் செதுக்கிக்கொண்டிருந்தது ராஜசோரஸ் என்னும் நம் நாட்டு டைனோசர்.

“மாமா, பெயர்ப் பலகைக்குத் தமிழில் நான்கு வரி எழுதித் தாருங்கள்” என்றான். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன் நான். நான்கு வரி எனக்கு எம்மாத்திரம்? ‘பயங்கரப் பல்லி இனத்தைச் சேர்ந்த’ என்று தொடங்கினேன். பையன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டான்.

“பல்லி என்று எழுதாதீர்கள், மாமா. இது பல்லியே இல்லை.”

“மூலத்தில் அப்படித்தானே இருக்கிறது?”

இருக்கத்தான் செய்கிறது. 1842இல் ரிச்சர்ட் ஓவன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கூட்டி ‘டைனோசர்’ என்று பெயரிட்டார். அஞ்சத்தக்க பல்லி என்பது அதன் பொருள். பையன் சொன்ன மறுமொழி என் தொழிலின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டது. “மூலமே தப்பு, மாமா!”

பல்லி என்று நினைத்தால் கை பல்லியைத்தான் செய்யும். 1854இல் லண்டனில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி, ஓவனின் ஆலோசனையுடன், முழு அளவு டைனோசர்களைச் செய்து நிறுத்தினார். அவற்றுள் இகுவானோடான் என்பது, மூக்கின்மேல் கொம்பு முளைத்த பெரும் ஓணான் போலவே இருக்கும். 1878இல் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் அகப்பட்டபோதுதான் உண்மை தெரிந்தது. மூக்குக் கொம்பென்று வைத்தது அந்த விலங்கின் கட்டை விரல்! லண்டன் பூங்காவில் அந்தக் கொம்பு இன்னமும் மூக்கில்தான் இருக்கிறது. நம் பூங்காக்களில் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு பச்சை வண்ணத்தில் நிற்கும் சிமெண்டு உருவங்களும் அந்த மரபின் வாரிசுகளே.

உண்மையான உறவினர் யார் என்பதை 1996 ஊரறியச் செய்தது. சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், கோழியளவு டைனோசர் ஒன்றின் கல்லெச்சத்தில், முதுகு நெடுக மெல்லிய தூவி படிந்திருந்தது. சைனோசாரோப்டெரிக்ஸ் என்று அதற்குப் பெயர். பின்னர், ஒன்பது மீட்டர் நீள விலங்குக்கும் தூவி இருந்ததென 2012இல் தெரிந்தது. இன்றைய பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் என்பதில் அறிஞருலகம் இன்று உறுதியாக நிற்கிறது. ‘பல்லி’யை அடித்தேன்.

இனி என் முறை. மறுநாள் காலை எழுந்து பார்த்தால், ராஜசோரஸின் கழுத்து முழுவதும் மயிற்பீலி! நீலமும் பச்சையுமாக மின்னியது. உண்மையாகவே அழகு. பையன் பெருமையோடு என்னைப் பார்த்தான்.

“இது எந்த மூலத்தில் இருக்கிறது?” என்று கேட்டேன்.

“ராஜா என்று பெயர் வைத்துவிட்டு வெறும் தோலோடு விடுவதா, மாமா? தூவி உண்டென்று நான்தானே சொன்னேன்?”

உண்டு, ஆனால் எல்லாவற்றுக்குமா? அன்று முழுவதும் இருவரும் தேடிப் படித்தோம். ராஜசோரஸின் எலும்புகள் 1980களின் தொடக்கத்தில் குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்தன. 2003இல் பெயர் சூட்டப்பட்டது. நெற்றியில் குட்டையான ஒரு கொம்பு உண்டு. தோல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நெருங்கிய உறவுடைய கார்னோடாரஸ் என்னும் விலங்கு அர்ஜென்டினாவில் தோல் தடத்துடன் அகப்பட்டிருக்கிறது. 2021இல் அத்தோலை விரிவாக ஆராய்ந்தவர்கள், சிறு செதில்களுக்கு நடுவே பெரிய செதில்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதைக் கண்டார்கள். தூவி இல்லை. இந்தியாவும் தென்னமெரிக்காவும் ஒரே பெருநிலத்தின் துண்டுகள் ஆதலால், இந்தச் சித்தப்பன் மகனைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமே. பீலி போயிற்று. பையனுக்கு இரண்டு நாள் உழைப்பு வீண். மதியம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

நிறத்தின் கதை இன்னும் நுட்பமானது. தூவியில் நிறமிக் குருணைகள் உண்டு. நீண்டவை கருமை தரும்; உருண்டவை செம்மை தரும். கல்லெச்சத்தில் அக்குருணைகளின் வடிவம் சில வேளை தப்பிப் பிழைத்துவிடுகிறது. அதைக் கொண்டு 2010இல், சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையமிட்டிருந்தன என்று கண்டுபிடித்தார்கள். மயிலின் நீலம் சாயம் அன்று, தூவியின் நுண்ணமைப்பில் ஒளி செய்யும் வித்தை. அத்தகைய மினுமினுப்பும் ஒரு சிறு டைனோசருக்கு இருந்ததென 2012இல் அறிந்தார்கள். ஆனால் எலும்பு மட்டும் கிடைத்த ராஜசோரஸ் விஷயத்தில் இந்த வழி அடைபட்டிருக்கிறது.

அன்று மாலை படிப்பாதை ஓரமாக நடந்தோம். பாறை இடுக்கில் ஒரு தங்கப் பல்லி தெரிந்தது. பெடோம் என்னும் ஆங்கிலேயர் 1870இல் விவரித்த இனம். முதிர்ந்த ஆண் பொன் மஞ்சளாகவே இருக்கும். “இது எலும்பாகி மண்ணில் புதைந்தால், பொன்னிறம் என்று யார் சொல்வார்கள், மாமா?” என்றான் பையன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

நான் அரியலூர்ப் பக்கத்தவன். எங்கள் பகுதியில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து, 1987இல் ‘பிருஹத்காயோசோரஸ்’ என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர்! முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு தாவரவுண்ணி என்றானது. உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. எஞ்சியவை சில கோட்டோவியங்கள். 2022இல் வெளியான சில பழைய புகைப்படங்கள். மூலம் தொலைந்தபின் எஞ்சிய மேற்கோள்களைப் போல. அதைச் செதுக்கச் சொன்னால் எந்தச் சிற்பிக்கும் கை நடுங்கும். யாளியைச் செதுக்கும் ஸ்தபதிக்கு அந்த நடுக்கம் இல்லை. யாளி அவர் மரபுக்கே சொந்தம். டைனோசரோ ஒரு காலத்தில் மூச்சு விட்ட உயிர்.

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலுள்ள பாரபாசோரஸையும், ஐதராபாத்தில் வாழ்வோர் பிர்லா அறிவியல் மையத்திலுள்ள கோட்டாசோரஸையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். இரண்டும் கோதாவரிப் படுகையின் மண்ணிலிருந்து எழுந்தவை. திருமலையில் தேடிப் பயனில்லை. அந்தப் பாறைகள் டைனோசர்களுக்கு நூறு கோடி ஆண்டுக்கும் மேல் மூத்தவை.

நான் தில்லி திரும்பி ஒரு மாதம் கழித்துப் படம் வந்தது. செதில் தோல், மேலே இருண்ட பழுப்பு, வயிற்றுப் பக்கம் வெளிறல். அவ்வாறான நிழலமைப்பு வேறு சில டைனோசர்களின் தோலில் மெய்யாகவே காணப்பட்டிருக்கிறது. பலகையில் என் நான்கு வரியின் கீழே, ‘தோலும் நிறமும் ஊகம்’ என்று பையனே ஐந்தாவது வரி சேர்த்திருந்தான். நெற்றிக் கொம்பு மட்டும் குங்குமச் சிவப்பு. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அது என் சொந்தச் சரக்கு, மாமா” என்றான்.

விட்டுவிட்டேன்.