வெற்றூசியும் மனச்சான்றும்



மருந்தே இல்லாத ஒன்றை ஊசியில் ஏற்றி ஒருவர் உடலில் செலுத்துவது முறையாகுமா? அன்று என்றே நம் நெஞ்சம் உடனே விடை கூறும். சற்றுப் பொறுங்கள்.

1968-ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள் ஒரு பகுதியினர்க்குக் காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி போடப்பட்டது, மற்றவர்க்கு வெற்றூசி. எவர்க்கு எது என்பதைப் போட்டவரும் அறியார், போட்டுக்கொண்டவரும் அறியார்.

பி.சி.ஜி.யைப் பற்றி அக்காலத்தில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனில் அது பெரும்பயன் தந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் பயன் சொற்பமே. நம் ராஜாஜியோ 1955-இல் அதனை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆதலின் வெற்றூசி பெற்றவர், உறுதியான நன்மை எதனையும் இழந்தாரல்லர். முடிவு வந்தபோது உலகமே வியந்தது: வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை! வெற்றூசி இல்லாதிருப்பின் இவ்வுண்மை புலப்பட்டிராது. (குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சற் காசத்தை அது தடுப்பதால், பிறந்தவுடன் இன்றும் போடுகின்றனர். உங்களுள் பலர் தோளில் அத்தழும்பு இருக்கும்.)

மற்றொன்று கேளுங்கள். எய்ட்ஸ் கிருமி தாயினின்று சேய்க்குச் செல்வதை ஏ.இசட்.டி. என்னும் மருந்து நூற்றுக்கு 25-லிருந்து 8 ஆகக் குறைக்கும் என்பது 1994-இல் தெளிவாயிற்று. அமெரிக்கத் தாய்மார் அதனைப் பெறலாயினர். அதன் பின்னரும், ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும், குறைந்த அளவு மருந்தைச் சோதிக்கும்பொருட்டுக் கருவுற்ற ஏழைப் பெண்கள் சிலர்க்கு வெற்று மாத்திரை கொடுத்தனர். "அந்நாடுகளில் அவர்களுக்கு எப்படியும் மருந்து கிடைக்காதே" என்பது அவர்கள் கூறிய சமாதானம். மருந்து பயன்படுமா என்பதை அறியாமை வேறு. பயன்படும் என்று அறிந்தும் தராமை வேறு. முன்னதற்கு வெற்றூசி துணை. பின்னதை வறுமையின் பெயரால் நியாயப்படுத்துதல் எனக்கு உடன்பாடன்று.

1997-இல் இது குறித்துப் பெரும் கண்டனம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில், மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறி வகுத்த ஹெல்சிங்கி அறிக்கை திருத்தப்பெற்றது: புதியதனை, உள்ளவற்றுள் சிறந்ததனோடு ஒப்பிடுக என்று. ஈராண்டுக்குள்ளாகவே அதற்கு விதிவிலக்குகள் எழுதப்பட்டன. அவ்விலக்குகளைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.