கற்பிட்டிக் கரையும் நாட்டின் மின்வலுவும்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளந்தறிய அறிஞர் பல அளவுகோல்களைக் காட்டுவர். அந்நாட்டு மக்கள் தலைக்கு எவ்வளவு மின்சாரம் பயன்படுத்துகின்றனர் என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12,000 அலகு மின்சாரம் செலவாகின்றது. உலகின் சராசரி 3,500 அலகளவில் உள்ளது. இலங்கையிலோ அது 700 அலகை ஒட்டியே நிற்கின்றது. வளர்ந்துவரும் நாடுகளை நோக்கி, மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கூறுவது, பசித்திருப்பவனுக்கு உண்ணாநோன்பின் பெருமையை எடுத்துரைப்பது போன்றதாகும். தேவை பெருகுவது இயல்பே. அத்தேவைக்குரிய விலை யாது, அதனைக் கொடுப்பவர் யாவர் என்பனவே ஆராய்தற்குரியன. இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் ஏற்றதோர் இடமாகும்.

புத்தளம் களப்புக்கும் மேற்குக் கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலமே கற்பிட்டிக் குடாநாடு. கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் ஒருபுறம். கரைவலை இழுப்போரும், வாடி அமைத்து மீன்பிடிப்போரும் மறுபுறம். இத்தகைய உழைப்பாளர் வாழும் நிலத்தில், நுரைச்சோலை என்னும் ஊரில், நாட்டின் ஒரேயொரு நிலக்கரி மின்நிலையம் அமைந்துள்ளது. 2006ஆம் ஆண்டில் சீன நாட்டின் கடனுதவியுடன் கட்டட வேலை தொடங்கியது. முதலாவது பிறப்பாக்கி 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாட்டாக, மொத்தம் 900 மெகாவாட் வலுவுடையது இந்நிலையம்.

நீர்வீழ்ச்சிகள் நிறைந்த நாட்டுக்கு நிலக்கரி ஏன் வேண்டியதாயிற்று? மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியவர் பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவரது கனவு 1950இல் இலக்சபானாவில் 25 மெகாவாட் வலுவுடன் நனவாயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை நீரே தந்தது. ஆனால், 1996இல் மழை பொய்த்தபோது நாடு நீண்ட மின்வெட்டைக் கண்டது. இன்று நாட்டின் உச்சத் தேவை 2,500 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஏறக்குறைய எல்லா இல்லங்களுக்கும் மின்சாரம் சென்றுள்ளது. அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நுரைச்சோலையே வழங்கிவருகின்றது. இந்நன்மையை மறுத்துரைப்பது நேர்மையாகாது.

ஆயினும், அதன் விலையையும் கணக்கிடுதல் வேண்டும். ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி கப்பல்களில் வந்து சேர்கின்றது. அதற்கு அந்நியச் செலாவணி கொடுத்தாக வேண்டும். 2022இல் செலாவணி வற்றி, எரிபொருள் வாங்க வழியற்றபோது, ஒரே நாளில் 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை மக்கள் மறந்திரார். மேலும், எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குகூட மின்சாரமாவதில்லை. எஞ்சியதிற் பெரும்பகுதி குளிர்விக்கும் நீருடன் கடலிற் கலக்கின்றது. கரித்தூளும் சாம்பலும் காற்றோடு வந்து பயிரிற் படிவதாகவும், கடற்றொழிலுக்கு இடையூறு நேர்வதாகவும் அயலூரவர் முறையிட்டு வந்துள்ளனர். தலவிலவில் உள்ள புனித அன்னாள் தேவாலயத்துக்கு அண்மையில் இந்நிலையம் அமைவதைக் கத்தோலிக்க மக்கள் தொடக்கத்திலேயே எதிர்த்தனர். மின்சாரத்தின் பயன் நாடெங்கும் பரவுகின்றது. புகையும் தூளுமோ ஒரு கரையிலேயே தங்கிவிடுகின்றன.

இன்னுமொன்று உண்டு. பெரும்பங்கை ஓரிடத்திற் குவித்தால் இடரும் அங்கேயே குவிகின்றது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டபோது நுரைச்சோலையின் மூன்று பிறப்பாக்கிகளும் நின்றுவிட்டன. அவற்றை மீண்டும் இயக்கச் சில நாட்கள் சென்றன. அதுவரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது.

இனி, இதே கரையில் இயற்கை அமைத்துள்ள ஓர் ஒழுங்கைக் கவனித்தல் வேண்டும். நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து தட்டைப் படகுகளில் நிலக்கரியை இறக்கியே கரை சேர்ப்பர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செத்தெம்பர் வரையான காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடைபெறாது. அம்மாதங்களுக்கு வேண்டிய நிலக்கரியை முன்னரே குவித்துவைக்க வேண்டும். ஆனால், கப்பலைத் தடுக்கும் அதே காற்றே இக்கரையிலுள்ள காற்றாலைகளை மிக விரைவாகச் சுழற்றுகின்றது. மாம்புரி முதலான இடங்களில் 2010 முதல் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. அதே பருவமழைதான் மலைநாட்டு நீர்த்தேக்கங்களையும் நிரப்புகின்றது. மழை குன்றிய சனவரி முதல் ஏப்பிரல் வரையான காலத்திலோ கடல் அமைதியுற்றிருக்கும், கப்பல்களும் வரும், வெயிலும் நிறைந்திருக்கும்.

ஆகவே காற்று, நீர், வெயில், நிலக்கரி ஆகியவற்றைப் பருவத்துக்கேற்பப் பகிர்ந்து பயன்படுத்துவதே அறிவுடைமை. காற்று வீசும் திங்களில் நிலக்கரியின் பங்கைக் குறைக்கலாம். காற்றும் வெயிலும் ஒரு நிலையில் நில்லா என்பது மெய்யே. பகலில் வெயில் தரும் மின்சாரம் மாலை விளக்கேற்றும் வேளையில் கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்க மின்கலங்களும், நீரை மேலேற்றித் தேக்கிவைக்கும் அணைகளும், உறுதியான மின்கடத்தும் வழிகளும் வேண்டும். இவற்றுக்கும் பொருட்செலவுண்டு. ஆயினும் இவற்றை ஒருமுறை அமைத்தபின், காற்றுக்கும் வெயிலுக்கும் ஆண்டுதோறும் அந்நியச் செலாவணி கொடுக்க வேண்டுவதில்லை.

அதுவரை நுரைச்சோலையின் உலைகள் எரிந்துகொண்டுதான் இருக்கும். எரியுங்காலமெல்லாம், நிலக்கரிக் குவியலை மூடிவைத்தலும், சாம்பலைச் சீமெந்து உற்பத்திக்கு அனுப்புதலும், கடலையும் நிலத்தையும் காற்றையும் ஒழுங்காகப் பரிசோதித்து முடிவுகளை அவ்வூரவருக்கு அறிவித்தலும் பொறுப்பாளரின் கடமையாகும். மாலை ஆறரை மணி முதல் பத்தரை மணி வரை வேண்டாத விளக்கை அணைப்பது நாடெங்குமுள்ள மக்களின் கடமையாகும். கொழும்பிலோ கண்டியிலோ விளக்கேற்றுபவரும், கற்பிட்டியில் வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சுபவரும் ஒரே கம்பியின் இரு முனைகளில் இருப்பவர் என்னும் உணர்வு தோன்றினால், பெருகிவரும் தேவையை நீதியோடு நிறைவேற்றும் வழியும் பிறக்கும்.