கார் சர்வீஸ்: "சரி" சொல்வதற்கு முன் ஒரு கேள்வி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாமா?" என்று போன் வருகிறது. ஆபீஸ் அவசரத்தில் நாமும் "சரி" என்கிறோம். பில் கட்டி வண்டியை எடுத்து வந்த சில நாட்களில் அதே விளக்கு மறுபடி எரிகிறது.

இது ஏன் நடக்கிறது? ஸ்கேனர் காட்டுவது ஒரு கோடு மட்டுமே. எந்தப் பார்ட் கெட்டது என்று அது சொல்வதில்லை. உதாரணமாக, பெட்ரோல் காரில் பி0171 என்று வந்தால், பெட்ரோல் அளவுக்கு மேல் காற்று சேர்கிறது என்று பொருள். வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கலாம். பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். விஷயத்தைக் காட்டிக்கொடுத்த சென்சாரையே மாற்றுவது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை மாற்றுவது போலத்தான்.

ஆகவே ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த டெஸ்ட் செய்து இந்தப் பார்ட்தான் என்று முடிவு செய்தீர்கள்?" தெளிவான பதில் வராவிட்டால் காத்திருக்கச் சொல்லுங்கள், வேறொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். ஆனால் பிரேக், ஸ்டியரிங் கோளாறு என்றாலோ, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ வண்டியை ஓட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

இன்னும் சில வழக்கங்கள்:

• ஜாப் கார்டில் அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். "பேட்டரி மாத்துங்க" என்று நாமே தீர்ப்பு சொல்ல வேண்டாம். "காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆக மறுக்கிறது" என்றால் போதும்.

• சத்தம் வருகிறதென்றால், அட்வைசரிடம் சொல்வதோடு நிற்காமல், டெக்னீஷியனை உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள்.

• எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுத்து மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள்.

• மாற்றியும் சரியாகவில்லையென்றால், பழைய பில்லைக் காட்டி, "அதே கோளாறு" என்று புது ஜாப் கார்டில் பதியச் செய்யுங்கள்.

அப்போதும் தீரவில்லையென்றால் சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனிக்கும் மெயில் அனுப்புங்கள். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஜாப் கார்டும் பில்லும்தான். இரண்டையும் இன்றே போனில் படமெடுத்து வையுங்கள்.