மேஸ்திரி முதலாளியா?

(கட்டடத் தொழிலாளர் பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

1968ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள். ஒடிசாவில் கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூர் என்னும் ஊர். இராஜஸ்தானத்துத் தலைநகர் வேறு, இது வேறு. அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை இழந்தார். மாதம் 120 ரூபாய் ஊதியம் பெற்றவர் அவர். ஆகஸ்டுத் திங்களில் இழப்பீடு கேட்டு அறிவிப்பு அனுப்பினார். பத்தே நாளில் கொட்டகை முதலாளியின் மறுமொழி வந்தது. என்ன மறுமொழி தெரியுமா? அந்தத் தச்சர் தம்முடைய தொழிலாளியே அல்லராம். அவ்வப்போது வேலை எடுத்துச் செய்யும் காண்டிராக்டராம்! விபத்துக்கும் அவருடைய கவனக்குறைவே காரணமாம்!

கையைப் பறிகொடுத்தவருக்குக் காண்டிராக்டர் என்ற பட்டம் கிடைத்தது, பார்த்தீர்களா?

அந்தப் பட்டமளிப்பு விழா இன்றும் நம் ஊர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அடுக்குமாடி எழும்பும் எந்த இடத்துக்கும் சென்று பாருங்கள். பெரிய கம்பெனி வேலையை எடுக்கிறது. கம்பி கட்டும் வேலை ஒருவருக்கு, சென்ட்ரிங் ஒருவருக்கு, பூச்சு ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. பூச்சு வேலையை எடுத்தவர், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி மேஸ்திரியிடம் ஒப்படைக்கிறார். மேஸ்திரி யார்? மைத்துனனைக் கொத்தனாராகவும் மனைவியைச் சித்தாளாகவும் வைத்துக்கொண்டு, தாமும் சாரத்தில் ஏறி நிற்பவர். கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும்தான் அவருடைய மூலதனம்! சாரம் சரிந்தால் அவரே முதலாளி, அவரே பொறுப்பாளி என்கிறார்கள். இலாபம் மேலே ஏறுகிறது. பொறுப்பு மட்டும் கீழே இறங்குகிறது.

சட்டம் இதனை ஏற்கிறதா? ஏற்கவில்லை, தோழர்களே! ஏற்கவில்லை என்பது நம்மவரில் பலருக்கே தெரியாமலிருப்பதுதான் வேதனை.

சௌராஷ்டிரத்தில் திராங்கத்ரா இரசாயனக் கம்பெனியின் உப்பளங்களில் வேலை செய்த அகாரியாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்தியைப் பெற்றுக்கொண்டு, குடும்பத்தோடு உழைத்து, வேண்டுமானால் கூலிக்கு ஆளும் வைத்துக்கொண்டு, விளைந்த உப்புக்கு எடைக்கணக்கில் காசு வாங்கியவர்கள் அவர்கள். வருகைப் பதிவேடு கிடையாது. வேலை நேரம் கிடையாது. ஆகவே இவர்கள் தனி ஒப்பந்தக்காரர்களே என்று வாதிட்டது கம்பெனி. 1956இல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்று மேற்பார்வை செய்து கட்டுப்படுத்துகிறவர் எவர் என்று பார்த்தது. தாமே இறங்கி உழைக்கிறவர், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டதனால் மட்டும் தொழிலாளி அல்லாமற் போகமாட்டார் என்றது. அது தொழில் தகராறுச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கு. எனினும் சாரத்தில் நிற்கும் மேஸ்திரிக்கும் அந்த அளவுகோலைத்தான் நாம் கேட்க வேண்டும்.

மேஸ்திரியின்கீழ் உழைக்கும் சித்தாளின் நிலையோ இன்னும் தெளிவானது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தன் தொழிலின் பொருட்டு வேலையைக் காண்டிராக்டரிடம் விட்ட மூல முதலாளி, அத்தொழிலாளி தன்னிடமே நேரடியாக வேலை செய்திருந்தால் எவ்வளவு கொடுக்கவேண்டுமோ அவ்வளவையும் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. கொடுத்த பின்னர் அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்! அது அவர்கள் இருவர் வழக்கு. காயம்பட்டவர் அந்த வழக்கு முடியும் வரையில் காத்திருக்கவேண்டியதில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோதும், இந்தப் பொறுப்பு நீக்கப்படவில்லை.

தச்சரின் வழக்கு என்னவாயிற்று? ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே இது முழு ஊனமே என்றார் கமிஷனர். இழப்பீடு 9,800 ரூபாய், அதில் பாதி தண்டம், 6 விழுக்காடு வட்டி, ஆக 15,092 ரூபாய் என்று 1969இல் தீர்ப்பளித்தார். முதலாளி விடவில்லை, உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1975 டிசம்பரில் அங்கும் தோற்றார். கமிஷனர் தீர்ப்புச் சொல்லும் வரையில் கடன் பிறக்கவில்லை என்ற வாதமும் எடுபடவில்லை. விபத்து நேர்ந்த அன்றே இழப்பீடு கொடுபடு தொகையாகிவிடுகிறது என்றனர் நீதிபதிகள். ஏழாண்டுக் காலம் அந்த ஒற்றைக் கையுடன் அவர் எவ்வாறு குடும்பம் நடத்தினாரோ, சட்டப் புத்தகத்தில் அது எழுதப்படவில்லை.

ஆகவே நீங்கள் விபத்துச் செய்தி கேட்ட அன்றே செல்லவேண்டும், மறுவாரம் அன்று. கம்பெனியின் பெயர்ப்பலகையைப் படம் பிடியுங்கள். முன்பணம் கொடுத்த சீட்டு, கைப்பேசியில் பணம் வந்த குறிப்பு, சிமெண்டு வந்த ரசீது, கம்பெனி என்ஜினியர் அனுப்பிய கட்டளை எதனையும் விடாதீர்கள். வேலையைக் கட்டுப்படுத்தியவர் எவர் என்பதற்கு அவையே சாட்சி. வெற்றுத்தாளில் மேஸ்திரியின் கைரேகை கேட்பார்கள், தடுத்துவிடுங்கள். கவனக்குறைவு என்று மிரட்டினால் அஞ்சாதீர்கள். குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுதல் போன்றவற்றைத்தான் சட்டம் விலக்குகிறது. மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த விலக்கும் செல்லாது.

ஓர் ஓட்டை இருப்பதை மட்டும் மறைக்க விரும்பவில்லை. மூல முதலாளியின் பொறுப்பு, தொழிலின் பொருட்டு விட்ட வேலைக்கே உரியது. தாம் குடியிருக்க வீடு கட்டும் ஒருவர் வேலையை மேஸ்திரியிடம் விட்டால், அவர்மீது இந்த விதி பாயாது. அங்கே விழுகிற மேஸ்திரியின் நிலை மிகவும் சிக்கலானது. நம் தெருக்களில் நடக்கும் வேலையில் எத்தனை இத்தகையவை என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவித்தொகைதான் கைக்கு எட்டக்கூடியது. அதுவும் பதிவு உயிரோடு இருந்தால்! உங்கள் பகுதி மேஸ்திரிகளின் பதிவு அட்டைகளை இந்த வாரமே கேட்டு வாங்கிப் பாருங்கள். நாள் கடந்த அட்டை எத்தனை என்று எண்ணிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.