இலைநோயும் நுண்ணோக்கியும்



மிளகாய்த் தோட்டத்தில் இலை சுருளத் தொடங்கினால் குடியானவர் மனத்தில் அச்சம் புகுந்துவிடும். நாலு இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்கு விரைவார். கடைக்காரர் அவற்றை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு புட்டியை எடுத்துக் கொடுப்பார். மருந்தடித்தாகிவிடும், பணமும் போய்விடும், இலை மட்டும் நிமிராது. காரணம் யாது? சுருளுதல் நோயன்று, நோயின் அறிகுறியே. காய்ச்சல் என்னும் ஒரு சொல்லுக்குள் பல பிணிகள் அடங்கியிருப்பதுபோல, சுருண்ட இலைக்குள்ளும் குறைந்தது மூன்று பகைவர் ஒளிந்திருக்கக்கூடும்.

அவ்விலையின் அடிப்புறத்தை நுண்ணோக்கியின் குறைந்த பெருக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமும், ஒடுங்கிய உடலும், ஆறு கால்களும் உடைய பூச்சி ஓடுமாயின், அது இலைப்பேன். வளர்ந்த பேனின் சிறகோரங்களில் மயிர்க் குஞ்சம் தொங்கும். அது சாறுண்ட இலை மேல்நோக்கிச் சுருளும். இலை கீழ்நோக்கி மடிந்து, காம்பும் நீண்டிருக்குமாயின் மஞ்சள் சிலந்தியைத் தேடுங்கள். மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கே நீளமுள்ள அதனை வெறுங்கண்ணால் காண்பது அரிது. வளர்ந்த சிலந்திக்கு எட்டுக் கால்கள். அதைக் காணாவிட்டாலும் அதன் முட்டையைக் காணலாம். முத்துப் பதித்ததுபோல வெண்புள்ளிகள் வரிசை வரிசையாக அதன்மேல் அமைந்திருக்கும். ஒரு முறை கண்டவர் மறக்கமாட்டார்.

ஆறு கால்களா, எட்டுக் கால்களா என்பது வீண் ஆராய்ச்சியன்று. கந்தகம் சிலந்தியை அடக்கும். இலைப்பேனுக்கு அதையே நம்பியிருத்தல் பயன் தராது. இலைப்பேனுக்கென அடிக்கும் மருந்துகளிற் சில, சிலந்தியைத் தின்று வாழும் நல்லுயிர்களையும் கொன்று, சிலந்தி பெருகுவதற்கே வழிசெய்துவிடுவதும் உண்டு.

மூன்றாம் பகைவன் வைரஸ். வெள்ளை ஈ அதனைச் செடிக்குச் செடி கொண்டுசெல்லும். பள்ளி நுண்ணோக்கியில் எவ்வளவு தேடினும் அது அகப்படாது. ஒளியைக்கொண்டு காணும் சாதாரண நுண்ணோக்கி எதுவாயினும், மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5,000-இல் ஒரு பங்குக்குக் குறைந்த பொருளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டமாட்டாது. ஹாலந்து நாட்டில் புகையிலையின் தேமல் நோயை ஆராய்ந்த அடால்ஃப் மேயர், நோயுற்ற இலைச் சாறு நல்ல செடிக்கும் நோயைத் தருவதை 1886-இல் எழுதினார்; நுண்ணோக்கியில் நோய்க்கிருமி எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அவ்வைரஸ் படமாகப் பதிந்தது 1939-இல்தான். ஆகவே, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையென்றால் அதுவும் ஒரு செய்தியே. ஆனால் உடனே வைரஸ் என்று தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். சத்துக்குறைவாலும், பக்கத்து வயலில் தெளித்த களைக்கொல்லி காற்றில் வந்து படுவதாலும் இலை உருமாறலாம். வைரஸே எனத் தெரிந்தால் அச்செடியை மருந்தால் குணப்படுத்த இயலாது. தொடக்கத்திலேயே பிடுங்கி அழித்து, வெள்ளை ஈயை அடக்கவேண்டும்.

இலையின் அடிப்புறத்தைப் பாராமல் ஒரு நாட்டின் பயிரே அழிந்த கதை நம் அண்டையிலேயே உண்டு. இலங்கை மலைகளில் காப்பி செழித்திருந்த காலம். அத்தோட்டங்களில் உழைத்தவர்களிற் பெரும்பாலோர் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். காப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தோன்றியது. அங்கிருந்து அனுப்பப்பட்ட இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி என்னும் பாதிரியார், 1869-இல் அதனை ஒரு புதிய பூசணமென்று கண்டு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். பாதி வழவழப்பானது, பாழ்படுத்துவது என்பது அதன் பொருள். அப்பெயர் நுண்ணோக்கி தந்த பெயர். அதன் வித்துத்துகள் ஆரஞ்சுச் சுளைபோலிருக்கும். முதுகு முள்ளு முள்ளாகவும் அடி வழவழப்பாகவும் இருக்கும். ஆயினும் தோட்டக்காரர் பலர் மண்ணையும் மழையையுமே குறைகூறிக் கொண்டிருந்தனர்.

1880-இல் மார்ஷல் வார்டு என்னும் இளைஞர் அங்கே அனுப்பப்பட்டார். கண்ணாடிச் சில்லுகளை வெளியில் வைத்துக் காற்றில் வரும் துகள்களைப் பிடித்தார். ஒரு துகள் நீர்த்துளியில் முளைத்து, நூல்போல் நீண்டு, இலையின் அடிப்புறத்திலுள்ள துளைவழியே உள்ளே நுழைவதைப் படிப்படியாகக் கண்டார். சில வாரங்கள் சென்றபின்னரே வெளியே பொடி தோன்றும். பொடியைக் காணும்போது பூசணம் இலைக்குள் குடியேறிவிட்டது என்பது பொருள். காலங்கடந்துவிட்டபடியால் இலங்கைக் காப்பியை அவ்வறிவு காக்கவில்லை. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆனால், மழைக்கு முன்னரே இலையின் அடிப்புறம் நனையும்படி துத்தக் கலவையைத் தெளித்து, இன்று நம் மலைகளிலும் குடகிலும் காப்பியைக் காக்கிறார்களே, அம்முறையின் பொருத்தம் வார்டு கண்டவற்றால் நன்கு விளங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடியில் தெரிவதெல்லாம் குற்றவாளியன்று. செத்த இலையில் அழுகல் தின்னும் பூசணங்கள் பிறகு வந்து குடியேறும். அவை பிணத்தின்மேல் வந்த காக்கைகள். ஆதலால் கருகிய நடுப்பகுதியை விட்டுவிட்டு, பச்சையும் கருகலும் சந்திக்கும் ஓரத்தை எடுத்துப் பாருங்கள். புதிதாகப் பார்ப்பவர்க்கு மகரந்தத் துகளும், இலையின் மயிரும், ஏன், காற்றுக் குமிழியுங்கூட நோய்க்கிருமியாகத் தோன்றும்! நல்ல இலை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இம்மயக்கம் தீரும்.

பல பள்ளிகளில் நுண்ணோக்கி கண்ணாடி அலமாரியில் பூட்டியே கிடக்கிறது. மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் தூசு துடைக்கப்படும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டு அதை வெளியே எடுக்கச் செய்யுங்கள். செலவு மிகுதியில்லை. வெண்பொடி படிந்த இலையின்மேல் ஒட்டுநாடாத் துண்டை மெல்ல அழுத்தி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டினால் போதும். பூசணத்தின் நூல்களும் வித்துக்களும் தெரியும். துருப்பொடியாயின் ஊசிமுனையால் சுரண்டி ஒரு துளி நீரில் இடுங்கள். இலையை நெகிழிப் பையில் அடைத்து வைத்தால் வியர்த்து அழுகிவிடும். காகித உறையே நல்லது. முதலில் குறைந்த பெருக்கம், பிறகு கூடிய பெருக்கம். கண்டதை அப்போதே பென்சிலால் வரைந்து, நாள், செடி, இலையின் எப்புறம் என்பவற்றைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்; அடுத்த வாரம் அதே செடியில் மற்றோர் இலையைப் பாருங்கள்.